மருந்துக்கும் ஈரம் கூடாது

ஏற்காட்டைக் கண்டுபிடித்தவர் சர் தாமஸ் மன்றோ, ஆண்டு 1842. சுற்றுலாக் கையேடுகளில் இப்படித்தான் இருக்கிறது. கையேட்டைப் பார்த்துக் கையேடு எழுதி எழுதி, அந்த வரி இன்று விடுதி வரவேற்பறைச் சுவர்வரை வந்து ஆணி அடித்துத் தொங்குகிறது. இதில் ஒரே ஒரு சங்கடம். மன்றோ 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலரா கண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். செத்துப் பதினைந்து வருஷம் கழித்து ஒரு மனுஷன் எழுந்து வந்து மலையேறி ஊரைக் கண்டுபிடிக்கிறார் என்றால், அந்த ஊரின் காற்று அப்படிப்பட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். தலைமுறை தலைமுறையாக அங்கே சாமையும் ராகியும் விதைத்துக்கொண்டிருந்த மலையாளிப் பழங்குடியினரை (கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை) யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "நாங்க எப்போ தொலைஞ்சு போனோம்?" என்றிருப்பார்கள்.

உயிரோடு மலையேறியவர் எம்.டி. காக்பர்ன். 1820களில் சேலத்துக் கலெக்டர். சேலம் வெயிலில் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு கச்சேரி நடத்திப் பார்த்தவர், கிட்டத்தட்ட ஐயாயிரம் அடி உயரத்தில் வீடு கட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. காபிச்செடி வைத்தார், ஆரஞ்சு வைத்தார். அவர் காலத்து அந்த வீட்டுக்குப் பெயர் கிரேஞ்ச். பண்ணைவீடு, களஞ்சியம் என்கிற மாதிரி சாதுவான பெயர்தான். 1857 பிறந்ததும் களஞ்சியத்துக்குக் கோட்டை வேஷம் கட்டிவிட்டார்கள்.

மீரட்டில் சிப்பாய்கள் கிளம்பிவிட்டார்கள், டெல்லி போய்விட்டது என்று சேதி வந்தது. மீரட்டுக்கும் ஏற்காட்டுக்கும் நேர்கோட்டில் பிடித்தாலே இரண்டாயிரம் கிலோமீட்டருக்குப் பக்கம். நடுவே நர்மதை, கோதாவரி, கிருஷ்ணா என்று ஆறுகள் வேறு. சென்னைப் படையின் சிப்பாய்களோ பெரும்பாலும் அந்தக் கலகத்தில் சேரவே இல்லை. இருந்தாலும் பயம் தூரம் பார்த்தா வருகிறது? கிரேஞ்சைச் சுற்றி உயரமாக மதில் எழுப்பி, அதன்மேல் பீரங்கி ஏற்றி, தரைக்கடியில் ஆறு மாத உணவுப்பொருளை அடுக்க ஒரு நிலவறையும் தோண்டினார்கள் என்று ஏற்காட்டின் பழங்கதை சொல்கிறது. இன்றைக்கு இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி வருகிற நமக்கே ஏழாவது வளைவில் குமட்டுகிறது. அந்தச் சாலையும் இல்லாத காலத்தில் டோலியும் மட்டக்குதிரையும் ஏறும் பாதையில் பீரங்கியை ஏற்றியது யார் தோள் என்று பழங்கதை சொல்வதில்லை. துரைகளின் தோளாக இருந்திருக்காது.

என் சந்தேகம் வேறு. பீரங்கி இருந்தால் மருந்து இருக்க வேண்டும். மருந்தில்லாத பீரங்கி ரோஜாத் தோட்டத்துக்கு அலங்காரம், அவ்வளவுதான். அந்த மருந்தை எங்கே வைத்தார்கள்? அரிசி பருப்புக்கு நிலவறை சரி. அதே நிலவறையின் மூலையில் மருந்துப் பீப்பாயும் இருந்து, ராத்திரி பட்லர் ஒருவர் உருளைக்கிழங்கு எடுக்க மெழுகுவத்தியோடு இறங்குவதாகக் கற்பனை செய்து பாருங்கள். சிப்பாய்க்கு வேலையே மிச்சம். துரை மதில்மேல் நின்று சேலத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நாம் மருந்தைக் கவனிப்போம்.

முதலில் அந்தப் பெயர். தலைவலிக்குக் கொடுப்பதும் மருந்து, தலையையே கொண்டுபோவதும் மருந்து. இந்த விஷயத்தில் தெலுங்குக்காரர்கள் நம்மைவிட ஒரு படி மேலே. அவர்களுக்கு 'மந்து' என்றால் மருந்து, வெடிமருந்து, சாராயம் மூன்றும். எதைக் கேட்டு எதைக் கொடுத்தார்களோ, எத்தனை படையெடுப்பு அதில் குழம்பிற்றோ! வெள்ளைக்காரன் தன் பங்குக்குப் 'பவுடர்' என்று சொல்லிக் குழப்பினான். சென்னையில் புளியந்தோப்புப் பக்கம் இன்றும் பவுடர் மில்ஸ் ரோடு என்று ஒன்று இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து வெடிமருந்து ஆலையின் ஞாபகம். முகத்துக்குப் பூசுகிற பவுடர் அங்கேதான் அரைத்தார்கள் என்று நம்புகிறவர்களைத் திருத்தப் போய் நான் இரண்டு முறை தோற்றிருக்கிறேன்.

மருந்தில் சரக்கு மூன்றுதான்: வெடியுப்பு, கந்தகம், கரி. கரி என்றால் நம் பக்கத்தில் எருக்கங்கரிக்குத்தான் மவுசு. வெடியுப்புக்குப் பழைய மண்சுவரும் மாட்டுத்தொழுவமும் போதும். அந்த மண்ணில் வெள்ளையாகப் பூத்ததை உப்பிலியர் என்ற சமூகத்தார் கரைத்து, வடித்து, காய்ச்சி எடுத்தார்கள். கம்பெனியின் உலகப் பேரரசு ஒரு வகையில் பார்த்தால் மாட்டுக் கோமியத்தின்மேல் நின்றது. இதில் வில்லங்கம் என்னவென்றால், காய்ச்சும்போது வெடியுப்போடு சோற்றுப்பும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். சோற்றுப்பின் குணம் உங்களுக்கே தெரியும். ஐப்பசி மாதம் அடுக்களை உப்பு ஜாடியில் என்ன நடக்கிறதோ அதுவேதான் மருந்துப் பீப்பாயிலும் நடக்கும். கசிந்து, கட்டிதட்டி, கடைசியில் கல்லாகி உட்காரும். சரி, காயவைத்துக்கொள்ளலாமே என்றால், வெடியுப்பு தனியாகப் பூத்துப் பிரிந்துவிடும், பழைய வீரியம் திரும்ப வராது.

ஆக, மருந்தைக் காய்ந்த இடத்தில் வைக்க வேண்டும். ஏற்காட்டில் காய்ந்த இடம் எது? காலையில் ஏரியைத் தேடினால் பனிதான் தெரிகிறது. துவைத்துப் போட்ட வேட்டி மூன்றாம் நாளும் ஈரமாகவே நம்மைப் பார்த்து இளிக்கிறது. மலை வீட்டில் காய்ந்த இடம் என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான்: அடுப்புக்கு மேலே உள்ள பரண். விதைச் சோளமோ மிளகாயோ, உலர்ந்து இருக்க வேண்டியதெல்லாம் புகை படும்படி அங்கேதான் ஏறும். மருந்துக்கும் உலகத்திலேயே பொருத்தமான இடம் அதுதான், ஒரு பொறி பறக்கிற வரைக்கும். தள்ளி வைத்தால் நமுத்துப்போகிறது, கிட்ட வைத்தால் வீடு போகிறது. வெடிமருந்தைப் பத்திரப்படுத்திய ஆயிரம் வருஷச் சரித்திரமும் இந்த இரண்டு மாமியார்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட மருமகளின் கதைதான். பெரிய ராஜ்ஜியங்களும் அதில் தேறவில்லை.

கம்பெனிக்காரன் என்ன செய்தான்? மருந்துக் கிடங்கு கட்டினான். சுவரைத் தடியாக வைத்தான். உள்ளே இரும்பே கூடாது என்றான். பீப்பாய்க்குச் செம்பு வளையமோ மர வளையமோ போட்டான். விளக்கைக் கண்ணாடிக்கு அந்தப்புறம் நிறுத்தினான். மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால் சரக்கு அடியில் படிந்துவிடும் என்று பீப்பாய்களை அவ்வப்போது புரட்டிப் போடவும் ஆள் வைத்தான். தோசையைப் புரட்டுகிற கவனம்தான், கருகினால் மட்டும் விளைவு வேறு. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது செருப்பு விதி. ஆணி அடித்த பூட்ஸ் தரையில் உரசினால் பொறி வரும். ஆகவே மருந்துக் கிடங்குக்குள் பூட்ஸ் கூடாது, மெத்தென்ற துணிச்செருப்புதான். கோவில் வாசலில் கழற்ற மாட்டேன், கௌரவக் குறைச்சல் என்று வீம்பு பிடித்த அதே பூட்ஸை, மருந்து வாசலில் ஒரு பேச்சில்லாமல் கழற்றினான். நம் சாமிகள் சாந்தமானவை, உரசினாலும் பொறுத்துக்கொள்ளும் என்று கண்டுகொண்டான் போல.

இரண்டுக்கும் ஒரே இடத்தில் கழற்ற வேண்டியிருந்த ஊரும் ஒன்று உண்டு. திருச்சி மலைக்கோட்டையில், மேலே ஏறுகிற வழியில் இருந்த மண்டபம் ஒன்றை மருந்துக் கிடங்காக்கினார்கள். கல் மண்டபம், குளிர்ச்சி, கெட்டியான தூண், எதிரிக்கு எட்டாத உயரம்; காகிதத்தில் பார்த்தால் எல்லாம் பொருத்தம். 1772இல் அது வெடித்தது, பலர் செத்தார்கள். அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்னால் அதே ஊரில் இன்னொரு கிடங்கு வெடித்து, படைவீரர்களின் பிள்ளைகள் அநாதைகளாகி நின்றபோதுதான் ஷ்வார்ட்ஸ் பாதிரியார் அவர்களுக்காகப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, மேலே போகிறேன். ஒரு சமாதானம் சொல்லலாம்: கம்பெனிக்கு மட்டும் இந்தப் புத்தி வந்ததில்லை. ஏதென்ஸில் துருக்கியர்கள் பார்த்தினான் கோவிலுக்குள் மருந்தை அடுக்கினார்கள். இவ்வளவு அழகான கோவில்மேல் எவன் சுடுவான் என்று ஒரு நம்பிக்கை இருந்திருக்கும். 1687 செப்டம்பரில் வெனீசியர்கள் சுட்டார்கள். இரண்டாயிரம் வருஷம் நின்ற கோவிலின் கூரை ஒரு சாயங்காலத்தில் போயிற்று.

கட்டடத்தில் வைத்தால்தானே இந்த வம்பு, வண்டியிலேயே வைத்துக்கொண்டு சுற்றினால் என்ன? அதையும் பார்த்தாயிற்று. 1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூர். கர்னல் பெய்லியின் மருந்து வண்டிகள் படைக்கு நடுவே பத்திரமாக நின்றன. ஹைதர் அலி, திப்பு பக்கத்திலிருந்து வந்த நெருப்பில் அந்த வண்டிகள் வெடித்தன. சண்டையும் அத்தோடு ஏறக்குறைய முடிந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இன்றும் அந்த மருந்து வண்டி வெடித்துக்கொண்டே இருக்கிறது, பெய்லி பல்லக்கில் உட்கார்ந்திருக்கிறார். பெய்லியைக் காப்பாற்ற வேண்டிய பெரிய படை கொஞ்ச தூரத்தில் காஞ்சியில் இருந்தது. அதன் தளபதி பெயரும் மன்றோதான். இவர் ஹெக்டர் மன்றோ, ஏற்காட்டைக் கண்டுபிடிக்காதவர். சேதி தெரிந்ததும் கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓட்டம் பிடித்தார். நெருப்பு மாமியாரிடமிருந்து தப்ப ஈர மாமியார் காலில் விழுந்த கதை. அந்தப் படையில் பத்தொன்பது வயதுப் பையனாக நம் தாமஸ் மன்றோவும் இருந்தார். மலையாளிகளின் பூர்வ கதையும் காஞ்சிபுரத்தில்தான் ஆரம்பிக்கிறது: பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் அங்கிருந்து கிளம்பி ஆளுக்கொரு மலையாகக் குடியேறினார்கள் என்பார்கள். சமவெளியில் என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

மேலேயிருந்து வருகிற நெருப்பு இன்னொரு தலைவலி. 1769இல் இத்தாலியின் பிரேசியா ஊரில் மருந்து வைத்திருந்த இடத்தில் மின்னல் இறங்கி, ஊரில் ஒரு பங்கையே கொண்டுபோயிற்று. இங்கிலாந்துக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. பர்ஃப்ளீட்டில் இருந்த தங்கள் மருந்துக் கிடங்குக்கு இடிதாங்கி வைக்க 1772இல் குழு போட்டார்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அதில் ஒருவர். கம்பி நுனி கூராக இருக்க வேண்டும் என்றார். குழுவில் வில்சன் என்பவர் மட்டும் நுனி உருண்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று முரண்டு பிடித்தார். நாலு வருஷத்தில் அமெரிக்கா சுதந்திரம் என்று அறிவித்து, ஃபிராங்க்ளின் எதிரி நாட்டுக்காரர் ஆகிவிட, மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தன் அரண்மனை இடிதாங்கியின் கூர்நுனியை எடுத்துவிட்டு உருண்டை வைக்கச் சொன்னார். இடிதாங்கியிலும் கட்சி! நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நொந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்த அழகில், ஒவ்வொரு சிப்பாயிடமும் மருந்தைப் பொட்டலமாகக் கொடுத்து அனுப்புவதுதான் சௌகரியம் என்று முடிவானது. அளந்த மருந்தும் குண்டும் காகிதச் சுருளில். அதுதான் அன்றைய தோட்டா. பல்லால் கடித்துக் கிழி, குழலில் மருந்தைக் கொட்டு, குண்டைப் போட்டு இடி. ஈரம் ஏறாமலும் குழலில் வழுக்கிக்கொண்டு இறங்கவும் காகிதத்தில் கொழுப்புத் தடவினார்கள். அது எந்த மிருகத்தின் கொழுப்பு என்ற கேள்விதான் 1857. யோசித்தால், மருந்து நனையாமல் இருக்க வேண்டும் என்ற கவலை ஒரு சாம்ராஜ்யத்தையே ஆட்டிப் பார்த்திருக்கிறது. மே 11ஆம் தேதி டெல்லி ஆயுதக் கிடங்கைக் கலகக்காரர்கள் சூழ்ந்தபோது, வில்லோபி என்ற லெப்டினென்டும் இன்னும் எட்டுப் பேரும் எதிரிக்குப் போகக் கூடாது என்று தங்கள் மருந்தைத் தாங்களே கொளுத்தினார்கள். கம்பெனியின் மருந்து அன்றைக்குத்தான் நனையாமல் இருந்திருக்கிறது.

மலைக்கு வருவோம். அங்கே நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவருக்கு எதிரி, பெரும்பாலும் காட்டுப்பன்றி. குழல் வாயில் மருந்து, கந்தை, ரவை என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கெட்டித்து முடிப்பதற்குள் பன்றி ராகிக் கொல்லையில் பந்தியை முடித்து இலையை மூடிவிடும். மருந்தை மாட்டுக்கொம்பில் அடைத்து வாய்க்கு மரத்தக்கை போட்டுத் தோளில் தொங்கவிடுவது உலகெங்கும் வேட்டைக்காரர்களின் வழக்கம். கொம்பில் ஈரம் புகாது, உரசினால் பொறி வராது, கையளவுக்கு மேல் கொள்ளாது. கம்பெனியின் கிடங்கு விதிகள் மொத்தமும் ஒரு செத்த மாட்டின் தலையில் இருந்தன. கொள்ளளவு குறைவு என்பதுதான் அதன் பெரிய புத்திசாலித்தனம். வீட்டுக்குள் எங்கே மாட்டுவது என்ற பிரச்சினைக்கு வீட்டுக்காரம்மாவிடம் ஒரே தீர்ப்புதான் இருந்திருக்கும்: "அந்தக் கொம்ப எடுத்துக்கிட்டு மொதல்ல அடுப்படிய விட்டு வெளிய போ." பர்ஃப்ளீட் குழு உட்கார்ந்து பேசியது இதைவிட அதிகமில்லை.

பிறகு சட்டம் வந்தது. 1878இல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் போட்டார். இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியனுக்கு விலக்கு. காபித் தோட்டத்துத் துரை வராந்தாவில் நாலு துப்பாக்கி சாத்தி வைத்திருக்கலாம், அவர் தோட்டத்து வேலியை ஒட்டிச் சாமை விதைத்தவர் ஒன்றுக்கு மனு எழுத வேண்டும். பன்றிக்கு இந்த வித்தியாசம் தெரியாது, இரண்டு பக்கமும் சமமாகத் தின்றது. அந்த நிறபேதம் 1920 வாக்கில்தான் விதிகளிலிருந்து போயிற்று. 1884இல் வெடிபொருள் சட்டம், சுதந்திரத்துக்கு அப்புறம் 1959இல் புது ஆயுதச் சட்டம். பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி என்று அந்தப் புதுச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. காட்டுப்பன்றி நாடாளுமன்றத்தில் இடம்பிடித்த அபூர்வ சந்தர்ப்பம் அது.

லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகளின் கதை இன்னும் ஜோர். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி மலையூர்களில் அவ்வப்போது போலீஸ் தண்டோரா போடும்: கள்ளத் துப்பாக்கியைத் தானாகக் கொண்டுவந்து கொடுத்தால் வழக்கு இல்லை. அடுத்த நாள் காலையில் ஊர்ப் பொது இடத்தில் ஏழெட்டுத் துப்பாக்கிகள் அம்போவென்று சாய்ந்து கிடக்கும். யாருடையது என்று யாருக்கும் தெரியாது. மன்றோ ஏற்காட்டைக் கண்டுபிடித்த மாதிரி போலீஸும் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான். மருந்து மட்டும் அந்தக் குவியலில் சேராது. அது எங்கே இருக்கிறது என்று கேட்டால், "எதுங்க, காய்ச்சல் மருந்தா?"

இதற்கெல்லாம் நேர் எதிராக, அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா அடைப்பது ஒரு பொழுதுபோக்கு. இங்கே மாமி மொட்டைமாடியில் வடகம் பிழிகிற பக்தியோடு அங்கே மாமா கார் ஷெட்டில் காலித் தோட்டாக்களில் மருந்து நிரப்புகிறார். அவர்களுடைய தீத்தடுப்புத் தரவிதியில் ஒரு விஷயம் என்னை உட்காரவைத்தது. புகையற்ற மருந்து 20 பவுண்டுக்கு மேல் போனால் ஓர் அங்குலக் கனமுள்ள மரப்பெட்டியில் வைக்க வேண்டுமாம். மரப்பெட்டியா? நம் ஊரில் விலையுள்ளதெல்லாம் இரும்புப் பீரோவில் அல்லவா இருக்கும்! அங்கேதான் சூட்சுமம். மருந்து பற்றிக்கொண்டால் கிளம்பும் வாயு வெளியே போக வழி வேண்டும். மரப்பெட்டி பிய்த்துக்கொண்டு வழி விடும், மருந்து புஸ்ஸென்று எரிந்து போகும். இறுக்கிப் பூட்டிய இரும்புப் பெட்டி கடைசிவரை தாக்குப்பிடித்து, அப்புறம் மொத்தமாகக் கணக்கு தீர்க்கும். பீரோ வாங்கி வெடிகுண்டு செய்த கதையாகிவிடும். நாம் இதுவரை பார்த்த பழைய கறுப்பு மருந்துக்கு இன்னும் பதற்றம் ஜாஸ்தி, ஒரு பொறி போதும். பெட்டி பலவீனமாக இருப்பதுதான் பாதுகாப்பு என்ற தத்துவத்தைத் திருச்சிக் கல் மண்டபம் கட்டியவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. பாவம், அவர்கள் அதைச் சாமிக்குத்தானே கட்டினார்கள்.

புகையற்ற மருந்து என்றதும் நீலகிரி ஞாபகம் வருகிறது. 1904இல் அருவங்காட்டில் கார்டைட் ஆலை ஓடத் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. அந்த மலைக்கு மருந்து, இந்த மலைக்குக் காபி என்று வெள்ளைக்காரன் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனான். ஏற்காட்டுக்குக் கான்வென்டுகள் வேறு கிடைத்தன. அவற்றின் விடுதிகளில் அடைத்துவைத்த பையன்களும் ஒரு வகையில் மருந்துதான், இறுக்கிப் பூட்டக் கூடாது.

கிரேஞ்ச் மதில்மேல் துரையை நிற்கவைத்துவிட்டு வந்துவிட்டோம். அவர் இன்னும் சேலத்துப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். சிப்பாய் ஒருவரும் மேலே வரவில்லை. ஆடி போய், ஐப்பசி போய், கார்த்திகையும் போயிருக்கும். தினமும் சாயங்காலம் மதிலைச் சத்தமில்லாமல் ஏறிக் குதித்து, பீரங்கி வாயில் புகுந்து, நிலவறைக்குள் இறங்கியது பனி ஒன்றுதான். அதைச் சுட முடியாது. ஆறு மாத அரிசியைத் தின்று தீர்த்திருப்பார்கள், உருளைக்கிழங்கு முளைவிட்டிருக்கும். பீப்பாயைத் திறந்து பார்த்தால் மருந்து கருப்பட்டி மாதிரிக் கட்டிதட்டி இருந்திருக்கும். அப்புறம் என்ன, தை மாதத்து முதல் நல்ல வெயிலில் முற்றத்தில் பாயை விரித்து, கட்டிகளை மரக்கட்டையால் பதமாக உடைத்துப் பரப்பி, காக்காய் விரட்ட ஓர் ஆளை உட்காரவைத்திருப்பார்கள். சுருட்டுப் பழக்கம் இல்லாத ஆளாகப் பார்த்து.